துவக்கு மெய், கதை பொய்

தீவகத்தின் ஊரொன்றைச் சேர்ந்த புலம்பெயர்ந்தோர் சங்கம் வெளியிடவிருக்கும் விழா மலருக்கு ஓர் அணிந்துரை கேட்டிருந்தார்கள். மலரின் நடுப்பக்கத்தில் வண்ணப்படமாக ஒரு பழைய துவக்கு, அதன் மேல் தொலைநோக்கி. கீழே வாசகம்: "1942இல் யப்பானியரிடமிருந்து ஊர்காவற்றுறைக் கடலைக் காத்த ஆங்கிலேயர் துவக்கு." கனடாவில் வாழும் ஊரவர் ஒருவர் பெருந்தொகை கொடுத்து வாங்கியதாம். விற்றவர் சொன்ன கதையே வாசகமாகிவிட்டது.

அணிந்துரை எழுத மறுத்துவிட்டேன். "ஊர்ப்பற்று இல்லாதவர்" என்ற பட்டம் உடனே கிடைத்தது. நிற்க.

படத்தில் இருப்பது லீ-என்பீல்ட் நான்காம் இலக்க றைபிளின் 'ரி' வகை. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் படையின் குறிசூட்டாளர்கள், அதாவது சினைப்பர்கள், ஏந்திய துவக்கு. சாதாரண றைபிள்களில் நன்றாகச் சுடுபவற்றைத் தெரிந்தெடுத்து, மூன்று மடங்கு பெருக்கும் 32ஆம் இலக்கத் தொலைநோக்கியைப் பொருத்தி உருவாக்கினார்கள். இதன் மெய் பொய்யை அறிய விற்பவரின் வாய் தேவையில்லை. உலோகமும் மரமும் பேசும். தெரிந்தெடுத்த றைபிள்களின் இடப்பக்கத்தில் 'ரி.ஆர்.' என்ற எழுத்துகளைக் காணலாம். மாற்றம் முடிந்து ஏற்கப்பட்டதற்கு 'ரி' என்ற தனியெழுத்து. தொலைநோக்கியின் தொடரிலக்கத்தை மரக்கட்டையின் கழுத்தில் குத்தியிருப்பார்கள். றைபிளின் இலக்கத்தைத் தொலைநோக்கியின் தாங்கியில் பொறித்திருப்பார்கள். ஒன்றின் பெயரை மற்றொன்று சுமக்கும். இரண்டும் ஒத்தால் பிறந்த சோடி. ஒவ்வாவிட்டால் எங்கோ பிரிந்து எங்கோ சேர்ந்தவை. சேகரிப்பாளர் சந்தையில் இந்த ஒற்றுமைக்கே பெரும் விலை. ஆதலால் சாதாரண றைபிளில் துளையிட்டு, புதிதாய் வார்த்த தாங்கியை முடுக்கி, எழுத்துகளையும் குத்தி விற்கும் தொழில் உலகெங்கும் நடக்கிறது.

நமது மலர்த் துவக்கில் 'ரி.ஆர்.' உண்டு, 'ரி' உண்டு. கழுத்தில் உள்ள இலக்கம் தொலைநோக்கியின் இலக்கத்தோடு ஒக்கவில்லை. அது பெருங்குற்றமன்று, போர்க்களத்தில் தொலைநோக்கி பழுதானால் வேறொன்று பொருத்துவது வழக்கம். ஆனால் மரக்கட்டையின் அடிப்புறத்தில் 'எஸ்51' என்ற முத்திரை தெளிவாகத் தெரிகிறது. அது லண்டன் ஹொலண்ட் அன் ஹொலண்ட் நிறுவனத்தின் அடையாளம். அந்நிறுவனம் இவ்வேலையைத் தொடங்கியது 1942 செப்டெம்பரில். அதற்கு முன் என்பீல்ட் தொழிற்சாலை மாற்றிய சிறுதொகைத் துவக்குகளில் இம்முத்திரை இராது. யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியதோ 1942 ஏப்ரல் 5ஆம் திகதி. திருகோணமலையை ஏப்ரல் 9ஆம் திகதி. ஐந்து மாதங்கள் கழித்துப் பிறந்த துவக்கு ஏப்ரலில் எந்தக் கடலைக் காத்தது?

மரக்கட்டையைப் பின்னர் மாற்றியிருக்கலாமே என்று கேட்பார்கள். மாற்றியிருக்கலாம். அப்படியானால் மாற்றாத பகுதி இலங்கைக்கு வந்ததற்குச் சான்று எங்கே? இன்னொன்றும் உண்டு. யப்பானியர் வானத்தால் வந்தார்கள், வானத்தாலேயே போனார்கள். இந்நாட்டின் எந்தக் கரையிலும் அவர்கள் இறங்கவில்லை. விமானத்தை வீழ்த்தச் சினைப்பர் துவக்கோடு ஊர்காவற்றுறையில் ஒருவர் காத்திருந்தார் என்பதை நம்ப எனக்கு வயது கூடிப்போய்விட்டது.

"உணர்வுக்காகப் போடுகிறோம், ஆராய்ச்சிக்காக அல்ல" என்று மலர்க்குழு பதில் எழுதியது. இதைத்தான் நான் கடுமையாக எதிர்க்கிறேன். விழா மலரில் ஏறியது பத்தாண்டில் பாடசாலை மாணவனின் ஒப்படைக்குள் ஏறும், இருபதாண்டில் வரலாறாகும். அன்று அதை மறுக்கப் புகுபவரிடம், "மலரிலேயே இருக்கிறதே" என்பார்கள். நம்மைப்பற்றி மற்றவர் எழுதும் வரலாற்றில் சான்று எங்கே என்று உரக்கக் கேட்பவர்கள் நாம். நம் கையால் எழுதும்போது மட்டும் அந்தக் கேள்வி கசக்கிறதா?

கண்டி அரண்மனையில் 1765இல் ஒல்லாந்தர் கொள்ளையடித்த லெவ்கே பீரங்கி, இரண்டு பெருந்துவக்குகள் உட்பட ஆறு பொருள்களை நெதர்லாந்து 2023இல் இலங்கைக்குத் திருப்பிக் கொடுத்தது. உணர்வைக் காட்டியா பெற்றார்கள்? இரு நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து ஒவ்வொரு பொருளும் வந்த வழியை ஆவணங்களில் தேடினார்கள்.

தொலைவுக்குப் போவானேன். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. யானை, குதிரை ஏற்றிவந்த மரக்கலம் உடைந்தால் பொருளில் காற்பங்கு அரசுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வாணிகப் பண்டம் ஏற்றிய மரக்கலமாயின் பாதிக்குப் பாதி என்று அது விதிக்கிறது. பிறநாட்டார் வந்திறங்கும் துறையாக ஊராத்துறையை, அதாவது நம் ஊர்காவற்றுறையை, பெயர் சொல்லிக் குறிக்கிறது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் எழுத்தெழுத்தாக வாசித்துப் பதிப்பித்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டின் இந்தச் சான்றுக்கு அம்மலரில் அரைப்பக்கம்கூட இல்லை. ஊருக்குச் சம்பந்தமில்லாத துவக்குக்கு நடுப்பக்கம் இரண்டு.

துவக்கை வாங்கியவர்மீது எனக்குக் கோபமில்லை. அதை "பிரித்தானியச் சினைப்பர் றைபிள், ஹொலண்ட் அன் ஹொலண்ட் மாற்றியமைத்தது, தொலைநோக்கி பின்னர் சேர்ந்தது" என்று அச்சிட்டால் ஒரு மூலையில் இருக்கட்டும். 1942தான் வேண்டுமென்றால் வேறு வழி உண்டு. கொழும்புத் தாக்குதலுக்குப் பின் நகரைவிட்டுப் பெருந்தொகையானோர் வெளியேறினார்கள். அந்த நாள்களில் சிறுபிள்ளைகளாக இருந்து இப்போது தொண்ணூறைக் கடந்தவர்கள் ஓரிருவராவது எந்த ஊரிலும் இருப்பார்கள். ஒலிப்பதிவுக் கருவியோடு அவர்களிடம் போங்கள், மலர் அச்சுக்குப் போகுமுன்.