நல்ல வருடத்து விதையும் கெட்ட வருடத்து விதையும்

பிரெஞ்சு வழியில் படித்த என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். பூகோளப் பாடத்தில் 'போஸ்' என்று ஒரு சமவெளி வரும். பாரீசுக்குத் தென்மேற்கே, ஷார்த்ர் நகரைச் சுற்றியுள்ள பகுதி. நாம் தஞ்சாவூரை நெற்களஞ்சியம் என்பதுபோல, அதை பிரான்சின் தானியக் களஞ்சியம் என்று மனப்பாடம் செய்வோம். அங்கே விளைவது 'ப்ளே திவேர்', அதாவது குளிர்காலக் கோதுமை. பனி மூடிய நிலத்தில் பயிர் எப்படிப் பிழைக்கும் என்று வாத்தியாரைக் கேட்டேன். "அது தூங்கும்" என்றார். நான் நம்பவில்லை. ஆனாலும் பரீட்சையில் அப்படியே எழுதி மதிப்பெண் வாங்கிக்கொண்டேன்.

அறுபது வருடம் கழித்து, 2024 அக்டோபரில் அந்தத் தூக்கத்தை நேரில் பார்க்கக் கிளம்பினேன் என்று சொன்னால் அது பொய். மகள் வீட்டுக்குத்தான் போனேன். அவள் வீடு ஷார்த்ருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறது. தெரு முடிகிற இடத்தில் வயல் ஆரம்பித்துவிடும். காலை நடைக்குப் போகும்போது ஒரு விவசாயி பழக்கமானார். அறுபது வயதைத் தாண்டியவர், 120 ஹெக்டேர் வைத்திருக்கிறார். நமக்கு அது 300 ஏக்கர். அங்கே நடுத்தரப் பண்ணை, அவ்வளவுதான். என்னுடைய பழைய பள்ளிக்கூட பிரெஞ்சு அவருக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும், நின்று பேசினார்.

அவர் அப்போது விதைப்பில் இருந்தார். கோதுமை மட்டும் ஐந்து ரகம். ஏன் ஐந்து, இருப்பதில் நல்லதாக ஒன்றைப் போட்டால் ஆகாதா என்று கேட்டேன். "முசே, அடுத்த ஜூன் மாதம் எப்படி இருக்கும் என்று நீங்கள் சொல்லுங்கள், நான் ஒரே ரகம் போடுகிறேன்" என்றார்.

இந்தப் பதில்தான் என்னை இதை எழுத வைத்தது. ஒரு விதை அதன் மிக நல்ல வருடத்தில் எத்தனை மூட்டை தரும் என்பதை வைத்து அதைத் தேர்ந்தெடுப்பது தப்பு. மிக மோசமான வருடத்தில் என்ன மிச்சம் வைக்கும் என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். கோதுமைக்குச் சொல்கிற இது நம் நெல்லுக்கும் பொருந்தும். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் குளிர்காலக் கோதுமை என்றால் என்ன? பஞ்சாபிலும் குளிர்காலத்தில்தானே கோதுமை விதைக்கிறார்கள் என்பீர்கள். அது வேறு ஜாதி. பஞ்சாப் கோதுமைக்குக் கடுங்குளிர் அவசியமில்லை, நான்கைந்து மாதத்தில் அறுவடைக்கு வந்துவிடும். ஐரோப்பாவின் குளிர்காலக் கோதுமை அக்டோபரில் விதைத்து ஜூலையில் அறுப்பது. விதைத்த பிறகு சில வாரமாவது குளிர் பட்டாக வேண்டும். படாவிட்டால் புல்போல இலை விட்டுக்கொண்டே இருக்குமே தவிர, ஒழுங்காகக் கதிர் வராது. குளிரில் வளராமல் நிற்கிறது, அந்தக் குளிரே பின்னால் அதைக் கதிர்விட வைக்கிறது. வாத்தியார் சொன்ன தூக்கம் இதுதான்.

இந்தக் குளிர்த் தேவையும் ரகத்துக்கு ரகம் மாறும். பிரான்சில் இதற்கு ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண் கொடுத்திருக்கிறார்கள். ஒன்று என்றால் நீண்ட குளிர் கேட்பது. ஒன்பது என்றால் குளிரே கேட்காமல் வசந்தத்தில் விதைக்கலாம். அக்டோபர் தொடக்கத்திலேயே விதைப்பவர் சிறிய எண்ணுள்ள ரகமாகப் பார்ப்பார். இல்லாவிட்டால் பயிர் அவசரப்பட்டுத் தண்டு நீட்டி, பின்பனியில் இளங்கதிர் கருகிவிடும். மழையால் விதைப்பு தள்ளிப்போனால் பெரிய எண் பக்கம் போவார். அதனால் எந்த ரகம் என்பதையும் எந்தத் தேதி என்பதையும் அவர்கள் தனித்தனியாக முடிவு செய்வதில்லை.

அடுத்தது மண். போஸில் பல இடங்களில் மேல்மண் ஆழமில்லை, கீழே சுண்ணாம்புக்கல். ஜூனில் சட்டென்று காயும். மணி பால்பிடிக்கும் நேரத்தில் வெயில் அடித்தால் சாவியாகிவிடும். அந்த வயலுக்குச் சீக்கிரம் முதிர்கிற ரகம். ஆழமான மண்ணுள்ள வயலுக்குக் கொஞ்சம் தாமதமாக முதிர்வது. பிறகு நோய்: இலைக்கு செப்டோரியா, மஞ்சள் துரு. பூக்கும் சமயம் மழை பிடித்தால் கதிரில் ஃபுசேரியம் பூஞ்சணம். அது மகசூலைக் குறைப்பதோடு மணியில் நஞ்சும் வைக்கும். முந்தைய போகம் மக்காச்சோளம் போட்ட வயலில் அதற்கு ஆபத்து அதிகம். கடைசியாக, மாவு மில்காரர். அவர்கள் சங்கம் தங்களுக்கு வேண்டிய ரகங்களைப் பட்டியல் போட்டே வெளியிடுகிறது. ரொட்டி சரியாக எழும்பாத கோதுமை மாட்டுத்தீவனமாகத்தான் போகும்.

பிரான்சில் பயிர் ரகங்களுக்கு அரசுப் பதிவேடு 1932 முதல் இருக்கிறது. புதுக் கோதுமை அதில் ஏற வேண்டுமானால் அரசுச் சோதனை வயல்களில் பரீட்சை எழுதித் தேற வேண்டும். மகசூல் மட்டும் போதாது, நோய் எதிர்ப்புக்கும் ரொட்டித் தரத்துக்கும் மதிப்பெண் உண்டு. பதிவான பிறகும் விவசாயிகளே பணம் போட்டு நடத்தும் ஆர்வாலிஸ் என்ற நிறுவனம் பகுதிவாரியாகச் சோதித்து முடிவுகளை அச்சடிக்கிறது. நண்பர் அதைக் காட்டினார். ஒவ்வொரு ரகத்துக்கும் இரண்டு மகசூல் இருந்தது: பூஞ்சண மருந்து அடித்தால் எவ்வளவு, அடிக்காவிட்டால் எவ்வளவு. முப்பத்தைந்து வருடம் கோப்பு புரட்டியவன் நான், ஒரு பத்தி எண்ணைப் பார்த்து இப்படி நின்றதில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் அதிகமாக இருந்தால் அந்த ரகம் மருந்துக்கடையை நம்பி வாழ்கிறது என்று பொருள். நண்பர் முதலில் பார்ப்பது மருந்து அடிக்காத பத்தியைத்தான்.

ஏன் இவ்வளவு பயம்? அனுபவம்தான். 1956 பிப்ரவரியில் அங்கே வந்த கடுங்குளிரில் நாட்டின் பெரும்பகுதியில் குளிர்காலக் கோதுமை செத்து, வசந்தத்தில் மறுவிதைப்பு செய்தார்கள். அப்போது நண்பர் பிறக்கவில்லை, அப்பா சொல்லிச் சொல்லி அவருக்குப் பாடமாகியிருக்கிறது. 2016 அவர் கண்ட வருடம். 2015-ல் அமோக விளைச்சல். அடுத்த மே கடைசியில் விடாத மழை, ஓர்லெயான் பக்கம் நெடுஞ்சாலையே தண்ணீரில் நின்றது, பாரீசில் சேன் நதி ஆறு மீட்டர் ஏறியது. வெயில் இல்லை, கதிரில் பூஞ்சணம். நாட்டு சராசரி ஹெக்டேருக்கு ஏறக்குறைய 8 டன்னிலிருந்து 5.4 டன்னுக்கு விழுந்தது. நம் கணக்கில் ஏக்கருக்கு 32 குவிண்டால், 22 ஆயிற்று. நான் போயிருந்த 2024-லும் அறுவடை மோசம், நாற்பது வருடத்தில் இல்லாத குறைவு என்று பத்திரிகைகள் எழுதின. அதனால்தான் ஐந்து ரகம். ஒரே வயலில் மூன்று நான்கு ரகங்களைக் கலந்தே விதைப்பதும் அங்கே பெருகிவிட்டது, கோதுமைப் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் என்கிறார்கள். ஒன்றுக்கு வரும் நோய் பக்கத்துச் செடிக்கு அவ்வளவு சுலபமாகத் தாவாது.

அவர் பேசப் பேச எனக்கு பாகூர் ஞாபகம் வந்தது. அங்கே எங்களுக்கு ஒன்றரைக் காணி உண்டு, வாரத்துக்கு விட்டிருக்கிறோம். பயிர் செய்கிறவர் என்னைவிட மூத்தவர். 2015 சம்பாவுக்கு அவர், "அய்யா, அது பள்ளம். எப்போதும்போல சி.ஆர். 1009 போட்டுடலாம்" என்றார். நான் விடவில்லை. குண்டு நெல்லுக்கு விலை இல்லை, பி.பி.டி. போட்டால் சன்ன அரிசி, மூட்டைக்கு இத்தனை ரூபாய் கூடுதல் என்று காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். வாரத்துக்குப் பயிர் செய்பவர் நிலத்துக்காரனிடம் எத்தனை தரம் வாதாடுவார்?

நவம்பரில் மழை கொட்டியது. புதுச்சேரியிலும் கடலூரிலும் இருந்தவர்களுக்கு அந்த மாதத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து வயலில் ஆகஸ்டிலேயே விதைத்த சி.ஆர். தொடை உயரம் வந்திருந்தது, தலை வெளியே தெரிந்தது. அவர்களுக்குப் பாதியாவது தேறியது. பின்னால் விதைத்த எங்கள் பி.பி.டி. முழங்காலைக்கூடத் தொடவில்லை, மூழ்கி அழுகிப்போனது. எனக்குப் பென்ஷன் வந்துகொண்டிருந்தது. அவர் வீட்டில் அந்த வருடம் மாட்டை விற்றார்கள். என் காகிதக் கணக்கில் அந்த மாடு இல்லை.

இதற்கு மறுப்பும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். உர விலை, ஆள் கூலி எல்லாம் ஏறிக் கிடக்கிறது, சாதாரண வருடத்திலேயே கைக்கு எட்டாதபோது என்றோ வரும் வெள்ளத்துக்குப் பயந்து வருமானத்தைக் குறைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நல்ல வடிகால் உள்ள மேட்டு நிலத்தில் பி.பி.டி. போடுவதை நான் குறை சொல்லவில்லை. எல்லா நிலத்திலும் அது ஒன்றையே போடுவதைத்தான் வேண்டாம் என்கிறேன். மேலும் இப்போது இரண்டில் ஒன்றைத்தான் பிடிக்க வேண்டும் என்ற நிலையும் இல்லை. அதே சி.ஆர். 1009-ல் வெள்ளம் தாங்கும் குணத்தைச் சேர்த்து 'சப் 1' என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கொடுத்திருக்கிறது. இரண்டு வாரம்வரை மூழ்கினாலும் தாங்கும் என்கிறார்கள்.

எனக்கு ஒரு ஆசை உண்டு. நம் விதை மூட்டையிலும் துண்டுப் பிரசுரத்திலும் 'அதிகபட்ச மகசூல்' என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்களே, அதற்குப் பக்கத்திலேயே மருந்தில்லாமல் எவ்வளவு, வெள்ள வருடத்தில் எவ்வளவு என்று இன்னும் இரண்டு எண் அச்சடிக்க வேண்டும். சோதனை வயல் வைத்திருப்பவர்களிடம் அந்தக் கணக்கு இல்லாமலா இருக்கும்? அதை விவசாயிக்குக் காட்டினால் போதும், மீதியை அவரே பார்த்துக்கொள்வார்.

பாகூரில் பெரியவர் இப்போது இல்லை. அவர் மகன்தான் பயிர் செய்கிறார். இந்த சம்பாவுக்கு என்ன போடலாம் என்று போன வாரம் போன் செய்தார். பள்ளத்தில் சி.ஆர். சப் 1, ரோட்டோர மேட்டில் பி.பி.டி. என்று அவரே நினைத்து வைத்திருந்தார். "உங்க அப்பா இருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ அதையே செய்யுங்கள்" என்றேன். பத்து வருடம் தாமதமாகச் சொல்கிறேன் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.