பதினான்காம் இடமும் மூன்று லட்சம் பிரதிகளும்

பிரிட்டனின் ஸ்டெப்ஸ் குழு 1997 நவம்பரில் தன் முதல் சிங்கிளை வெளியிட்டது. பாட்டின் பெயர் ‘ஃபைவ், சிக்ஸ், செவன், எய்ட்’. மூன்று பெண்களும் இரண்டு ஆண்களும் கொண்ட ஐவர் குழு அது. வரிசையாக நின்று ஆடும் அமெரிக்கக் கிராமிய நடனத்தை டெக்னோ தாளத்தில் ஏற்றிய பாட்டு. பிரிட்டன் தரவரிசையில் அது 14-ஆம் இடத்தைத் தாண்டவில்லை. ஆனால் விற்ற பிரதிகள் மூன்று லட்சத்துக்கும் மேல். முதல் பத்துக்குள் வராத பாட்டு இவ்வளவு விற்பது அபூர்வம். அப்படியானால் இது வெற்றியா, தோல்வியா?

குழப்பம் தீர, தரவரிசை எதை அளக்கிறது என்று பார்க்க வேண்டும். அது ஒரே ஒரு வாரத்தின் விற்பனையை மட்டுமே ஒப்பிட்டது. வாரம் முடிந்ததும் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அன்றைய நிறுவனங்கள் பாட்டை வானொலியில் பல வாரம் ஒலிக்கவிட்டு, ஆவலைப் பெருக்கி, பிறகே கடைக்கு அனுப்பின. காத்திருந்த ரசிகர்கள் முதல் வாரத்திலேயே வாங்கிவிடுவார்கள். அதே 1997-இல் பிளர் குழுவின் ‘பீட்டில்பம்’ நேரே முதலிடத்தில் நுழைந்து, மறுவாரமே அதை இழந்தது. ஸ்டெப்ஸ் அப்போது புதுமுகம்; காத்திருக்க ரசிகர்கள் இல்லை. பாட்டு வாராவாரம் சிறிது சிறிதாக விற்றது. அதுவும் கிறிஸ்துமஸை ஒட்டிய, ஆண்டிலேயே போட்டி மிகுந்த நாட்களில். ஆஸ்திரேலியாவில் இதே பாட்டு முதலிடம் பிடித்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பாட்டின் தரத்தோடு வாரமும் சந்தையும் சேர்ந்தே இடத்தைத் தீர்மானிக்கின்றன என்பது விளங்கும்.

ஓராண்டு கழித்து இதன் மறுபக்கம் தெரிந்தது. 1998 நவம்பரில் வந்த ‘ஹார்ட்பீட் / டிராஜெடி’ இரட்டைச் சிங்கிள் உடனே முதலிடத்துக்கு வரவில்லை. பல வாரம் சளைக்காமல் விற்றுக்கொண்டிருந்தது. பண்டிகைக் கூட்டம் வடிந்து மற்ற பாட்டுகளின் விற்பனை சரிந்த 1999 ஜனவரித் தொடக்கத்தில், ஒரே ஒரு வாரம் உச்சியில் நின்றது. மொத்த விற்பனையோ பத்து லட்சத்தைக் கடந்தது. அந்த ஒற்றை வாரத்தை மட்டும் வைத்து அதை எடைபோட முடியுமா?

பிரிட்டன் தரவரிசை 2005-இல் பதிவிறக்கங்களையும், 2014-இல் ஸ்ட்ரீமிங்கையும் கணக்கில் சேர்த்தது. இது வெறும் தொழில்நுட்ப மாற்றம் அன்று. அளக்கப்படும் பொருளே மாறியது. முன்பு ஒரு சிறுமி கேசட் வாங்கி நூறு முறை ஆடினாலும் கணக்கில் ஒன்றுதான். இன்று அவள் திரும்பத் திரும்பக் கேட்பதும் எண்ணப்படுகிறது. ஆகவே அன்றைய 14-ஆம் இடத்தையும் இன்றைய 14-ஆம் இடத்தையும் அருகருகே வைத்து ஒப்பிடுவது பிழை.

ஒரு பாட்டு எட்டிய உச்ச இடத்தை மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்ளாமல், எத்தனை வாரம் நீடித்தது, மொத்தம் எவ்வளவு விற்றது, எந்தக் காலத்துக் கணக்கு என்பதையும் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால், ஸ்டெப்ஸின் முதல் பாட்டு தோற்ற பாட்டு அல்ல, மெல்லப் பரவிய வெற்றி என்று தயங்காமல் சொல்லலாம்.