சூரியனுக்கும் சாம்பிள்

நம் ராயபுரத்தில் சாம்பிள் பார்க்காமல் எவரும் பனியனுக்கு ஆர்டர் கொடுப்பதில்லை. ஆனால் சூரியன் விஷயத்தில் மட்டும் ஏழு குதிரைத் தேர்க் கதையைச் சோதிக்காமலே வாங்கி வைத்திருக்கிறோம்!

சூரியனிலிருந்து ஓயாது வீசும் மின்துகள்களுக்குச் சூரியக் காற்று என்று பெயர். செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி அம்மையார் திட்ட இயக்குநராயிருந்து அனுப்பிய ஆதித்யா எல்-1, பூமிக்கு 15 லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் 2024 ஜனவரி 6-ல் சேர்ந்து, அக்காற்றை அங்கேயே அளந்து வருகிறது.

அதைப் பிடித்தே கொண்டுவர 2001-ல் அமெரிக்கர் ஜெனிசிஸ் கலத்தை அனுப்பினார்கள். சிலிக்கன், தங்கம், நீலக்கல் தகடுகளில் சிக்கியது ஒரு மில்லிகிராமுக்கும் குறைவே. 2004 செப்டம்பர் 8-ல் திரும்புகையில் பாராசூட் விரியாமல் யூட்டா பாலைவனத்தில் மோதி நொறுங்கிற்று.

தெய்வ குற்றம் என்று பரிகாரம் செய்தார்களா? இல்லை. வேகம் குறைவதை உணரும் விசைகளைத் தலைகீழாகப் பொருத்திய தப்பு தங்களுடையதே என்று விசாரித்து வெளியிட்டார்கள். சில்லுகளைப் பொறுக்கிக் கழுவிச் சோதித்தார்கள். சூரியனின் ஆக்ஸிஜன் சேர்மானம் பூமியினுடையதைவிட வேறு என்று 2011-ல் நிரூபித்தார்கள்.

தோழர்களே! வியாபாரம் நொடித்தாலும், பிள்ளை நோயுற்றாலும் கிரகத்தின்மேல் பழி போடாதீர்கள். தப்பு எங்கே என்று தேடுங்கள். தேடுகிறவனுக்கு நொறுங்கிய சில்லிலும் உண்மை கிடைக்கும்.