மழைக்கு அரை மார்க்

பத்திக்காரர் இந்த வாரம் கோபமாக இருக்கிறார். போனது அரை மார்க். அதுவும் அவருடையதல்ல, அண்ணன் மகளுடையது.

அவள் பதினோராம் வகுப்பு. பள்ளியில் மொழிப்பாடம் பிரெஞ்சு. தமிழை விட்டுவிட்டு எதற்குப் பிரெஞ்சு என்று இந்தப் பத்தியில் இரண்டு முறை கேட்டு, இரண்டு முறையும் பெற்றோர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாயிற்று. மூன்றாம் முறை வேண்டாம். மாதத் தேர்வில் ஒரு கோடிட்ட இடம். 'நேற்று' என்று தொடங்கும் வாக்கியம், மழை பெய்வதற்கான வினை, அதை இறந்தகாலத்தில் எழுத வேண்டும். அவள் 'இல் ப்ளெவே' என்று எழுதினாள். சிவப்பு மை அதை அடித்துவிட்டு, 'இல் ஆ ப்ளு' என்று திருத்தி, பக்கத்தில் காரணத்தையும் குறித்திருந்தது: நேற்று என்று வந்தால் பஸ்ஸே கொம்போஸே.

"சித்தப்பா, நான் எழுதினது தப்பா?" என்று கேட்டாள்.

தப்பில்லை. இரண்டும் சரி. நேற்று மழை பெய்தது, விட்டது, சேதி அவ்வளவுதான் என்றால் 'இல் ஆ ப்ளு', அதாவது பஸ்ஸே கொம்போஸே. நேற்று வெளியே மழை, அந்த மழைக்கு நடுவே இன்னொன்று நடந்தது என்று சொல்ல வாயெடுத்தால் 'இல் ப்ளெவே'. இந்த இரண்டாவதுதான் அம்பார்ஃபே, 'முற்றுப்பெறாதது' என்று பொருள். கோடிட்ட இடத்துக்கு அப்புறம் வெறும் புள்ளிதான் என்றால், சொல்ல வந்தவர் மனதில் என்ன இருந்தது என்று எந்தச் சிவப்பு மைக்குத் தெரியும்?

வகுப்புகளில் ஒரு பட்டியல் கொடுக்கிறார்கள். 'நேற்று', 'திடீரென்று' வந்தால் இது. 'எப்போதும்', 'அடிக்கடி' வந்தால் அது. ரேஷன் கடை அட்டையின் நிறத்தைப் பார்த்து அரிசி போடுவதுபோல. உதாரணத்துக்கு, பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி 1643 முதல் 1715 வரை 72 ஆண்டுகள் ஆண்டார். நீண்டகாலம் என்றால் அம்பார்ஃபே என்று நம்பும் மாணவர் இங்கே வழுக்கி விழுவார். '72 ஆண்டுகள் ஆண்டார்' என்று மொத்தமாகக் கட்டிச் சொன்னால் பிரெஞ்சில் அது முடிந்த செயல், பஸ்ஸே கொம்போஸேதான். அவன் உள்ளே நுழைந்தபோது அவள் வெளியே போய்க்கொண்டிருந்தாள் என்பதில் அவள் போனது இரண்டு நொடியாக இருக்கலாம், அது அம்பார்ஃபே. எவ்வளவு நேரம் என்பதல்ல கணக்கு. செயலை வாசலுக்கு வெளியே நின்று முழுசாகப் பார்க்கிறீர்களா, உள்ளே நின்றுகொண்டு அதன் ஓரங்கள் தெரியாமல் பார்க்கிறீர்களா என்பதுதான்.

அம்பார்ஃபே வடிவம் கட்டுவதோ பரம சுலபம். நிகழ்காலத்தில் 'நாங்கள்' என்பதற்குரிய வினையை எடுத்து, 'ஓன்' விகுதியைக் கழற்றிவிட்டுப் புதிய விகுதியை மாட்ட வேண்டும். நூ பார்லோன், பேசுகிறோம். அதிலிருந்து ழெ பார்லே, த்யு பார்லே, இல் பார்லே, நூ பார்லியோன், வூ பார்லியே, 'அவர்கள்' என்பதற்கு மறுபடி இல் பார்லே. ஆறில் நான்கு காதுக்கு ஒன்றே. தமிழில் எழுதிப் பார்த்தால் நான்கும் பிஸ்கட் பொட்டலம் மாதிரி இருக்கிறது. பிரெஞ்சு எழுத்தில் மட்டும் வால்கள் வேறு வேறு. குடிப்பதற்கு நூ ப்யுவோன், அதனால் ழெ ப்யுவே. செய்வதற்கு நூ ஃபெஸோன், அதனால் ழெ ஃபெஸே. நிகழ்காலத்தில் எத்தனை கோணல் இருந்தாலும் இங்கே அடங்கி நடக்கும். அடங்காதது ஒன்றே ஒன்று, 'இருத்தல்' என்ற எத்ர். அதன் 'நூ சொம்'மில் கழற்ற ஓன் இல்லாததால் 'எத்' என்று தனி அடி: இல் எத்தே. தேர்வில் கேட்ட மழைவினையின் கதை இன்னும் வேடிக்கை. 'நாங்கள் பெய்கிறோம்' என்று மேகங்கள்தான் சொல்ல வேண்டும். விதியைப் பொருத்திப் பார்க்க ஆளே இல்லாத வினையைத் தேர்வில் வைத்துவிட்டு மார்க்கையும் குறைத்தால் எப்படி?

அந்த வால்களுக்கும் சரித்திரம் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் இந்த விகுதியை இப்போதுபோல் 'ஏ-ஐ' கொண்டு எழுதாமல் 'ஓ-ஐ' கொண்டு எழுதினார்கள். வாய் ஒன்று சொல்லும், கை ஒன்று எழுதும். மாற்றுங்கள் என்று எழுத்தாளர் வோல்த்தேர் விடாமல் வாதாடினார். தன் எழுத்தில் மாற்றியும் காட்டினார். 1778இல் அவர் செத்துப்போனார். பிரெஞ்சு அகாதெமி தன் அகராதியின் ஆறாம் பதிப்பில் அதை ஒப்புக்கொண்டது 1835இல்.

மறுமதிப்பீடு கேட்டு ஒரு கடிதம் எழுதித் தருவதாகப் பத்திக்காரர் வாக்குக் கொடுத்தார். அதற்கு மேற்கோள் தேடி அலமாரியைத் திறந்தார். அங்கேதான் காரியம் கெட்டது. கைக்கு வந்தது ஃப்ளோபேர். (தொடர்ந்து படிப்பவர்கள் இந்த இடத்தில் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்.)

'மதாம் பொவாரி' 1856 கடைசியில் பத்திரிகைத் தொடராக வந்து, 1857 ஜனவரியில் கோர்ட்டுக்குப் போன நாவல். அதில் நாயகி எம்மா வியாழக்கிழமைதோறும் பியானோ பாடம் என்று வீட்டில் சொல்லிவிட்டு, கோச்சு வண்டியேறி ருவான் நகரத்துக்குக் காதலனைப் பார்க்கப் போகிறாள். ஒரு வியாழனை எடுத்துச் சொல்லியிருந்தால் அது சம்பவம். ஃப்ளோபேர் அதை அம்பார்ஃபேயில் சொல்கிறார். விடியற்காலை, வண்டி, சரிவில் இறங்கும்போது தெரியும் நகரம், திரும்பும் வழியில் குருட்டுப் பிச்சைக்காரன்: எல்லாம் எல்லா வியாழனுக்கும் பொது. சந்தோஷம்கூட நேரப்படி வந்து போகிறது. திருட்டுக் காதலும் கல்யாணம் போலவே சலித்துப்போகும் என்பதை எம்மா கண்டுபிடிப்பதற்கு முன்னாலேயே வினை விகுதி நம்மிடம் சொல்லிவிடுகிறது.

ஃப்ளோபேர் அம்பார்ஃபேக்கு இன்னொரு வேலையும் கொடுத்தார். பாத்திரத்தின் மனதில் ஓடுவதை 'என்று நினைத்தாள்' போடாமல், மேற்கோள் குறி இல்லாமல், அம்பார்ஃபேயில் கதையோடு கலந்துவிடுவது. சொல்வது ஆசிரியரா, அவளா என்று கோடு போட முடியாது. அந்த வழக்கில் அரசு வழக்கறிஞராக இருந்த எர்னஸ்ட் பினாருக்கும் முடியவில்லை. கள்ளக்காதலில் எம்மா பூரித்துப்போகும் இடத்தை ஆசிரியரின் புகழுரை என்றே எடுத்துக்கொண்டு வாதாடினார். அந்தப் பூரிப்பு எம்மாவுடையது, ஃப்ளோபேருடையதல்ல என்று பின்னாளில் இலக்கிய ஆய்வாளர் ஹான்ஸ் ராபர்ட் யாவுஸ் எடுத்துக்காட்டினார். பிப்ரவரி 7ஆம் தேதி ஃப்ளோபேர் விடுதலையானார். மார்க் போனவர்கள் வரிசையில் அண்ணன் மகள் தனியாக இல்லை.

இதற்கெல்லாம் சாட்சி நாவலாசிரியர் ப்ரூஸ்த். ஃப்ளோபேருக்கு எழுதத் தெரியுமா என்று 1919இல் ஒரு விவாதம் கிளம்ப, 1920 ஜனவரியில் பதில் கட்டுரை எழுதினார். ஃப்ளோபேரில் நல்ல உருவகம் ஒன்றுகூடத் தேறாது என்று முதலில் ஒரு குட்டு. அப்புறம், வினைக்காலங்களைப் புழங்கிய விதத்தாலேயே அவர் நாம் உலகைப் பார்க்கும் பார்வையை மாற்றினார் என்று, தத்துவஞானி கான்ட்டுக்குப் பக்கத்திலேயே ஆசனம் போட்டுவிட்டார். இலக்கணத்துக்கு இதைவிடப் பெரிய மரியாதையைப் பத்திக்காரர் வேறெங்கும் கண்டதில்லை. ப்ரூஸ்த் தன் நாவலில் கொம்ப்ரே என்ற ஊரின் ஞாயிற்றுக்கிழமைகளை எழுதும்போது ஒரு படி மேலே போகிறார். லெயோனி அத்தையும் வேலைக்காரம்மாவும் பக்கம் பக்கமாகப் பேசுகிறார்கள், அம்பார்ஃபேயில். அதே வம்பை அதே வார்த்தையில் வாராவாரம் பேசியிருக்க முடியுமா? முடியாது என்று திறனாய்வாளர் ஜெரார் ஜெனெத் 1972இல் அதற்கு ஒரு பெயரே வைத்தார்: போலி வழக்கம்.

எம்மாவின் அந்த வியாழக்கிழமைகளைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று யோசித்தால் விஷயம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. 'அப்போதெல்லாம் தாத்தா நாலு மணிக்கே எழுந்துவிடுவார், ஆற்றுக்குப் போவார், வரும்போது பூப்பறித்து வருவார்.' தாத்தா போய் முப்பது வருஷம், வினையெல்லாம் எதிர்காலம். யாரும் குழம்புவதில்லை. விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்றால் காலம் மாறி வரலாம் என்று நன்னூலும் அனுமதி கொடுத்திருக்கிறது. ஆக 'இல் ப்ளெவே'க்கு இடத்தைப் பொறுத்து மழை பெய்துகொண்டிருந்தது என்றும் சொல்லலாம், அந்தக் காலத்தில் ஐப்பசி பிறந்தால் மழை பெய்யும் என்றும் சொல்லலாம். வகுப்பிலோ முதலில் ஆங்கில வாக்கியத்தைக் கொடுத்து, அதிலிருந்து பிரெஞ்சுக்கு ஏற்றுகிறார்கள். சொந்த ஊருக்கு வழி கேட்க பக்கத்து ஊருக்குப் போவதுபோல.

இன்னும் இருக்கிறது. ஒருவரிடம் உதவி கேட்கும்போது பிரெஞ்சுக்காரர், 'கேட்க விரும்பினேன்' என்று அம்பார்ஃபேயில் தணிந்து வருவார். நம்மவர் "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்" என்பார். கேட்பது இப்போதுதான், ஆனாலும் இருந்தேன். சினிமாவுக்குக் கூப்பிட பிரெஞ்சில் 'என்றால்' என்ற சொல்லுக்குப் பின் அம்பார்ஃபே; தமிழில் "சினிமாவுக்குப் போனா என்ன?" போவது இனிமேல், 'போன' என்பதோ இறந்தகால அடி.

கடிதம் எழுதி முடிக்கும்போது இரவு மணி பத்து. இவ்வளவையும் ஒரு பக்கத்தில் அடக்கப் பார்த்ததில் நாலு பக்கம் ஆகிவிட்டது. அவள் வாங்கிப் படித்துவிட்டு, "இதைக் கொடுத்தா இன்னும் ஒரு மார்க் போகும்" என்றாள். கடிதம் இப்போது ஃப்ளோபேருக்குள் அடையாளத் தாளாக இருக்கிறது.

கூடத்தில் அவளுடைய தம்பியும் எதிர்வீட்டுப் பையனும் தூங்காமல் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பிரெஞ்சுப் பிள்ளைகள் இப்படி வேஷம் பிரிக்கும்போது, 'நீ போலீசாக இருந்தாய், நான் திருடனாக இருந்தேன்' என்று அம்பார்ஃபேயில்தான் பிரிப்பார்கள். இலக்கணப் புத்தகங்களில் இதற்குத் தனிப் பத்தியே உண்டு. பத்திக்காரர் நின்று காது கொடுத்தார்.

"நீ போலீஸாம். நான் திருடனாம். சித்தப்பா ஜெயிலாம்."