பதுக்கலா, இருப்பா?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரரிடம் பதுக்கல் என்றால் என்னவென்று கேட்டுப் பாருங்கள்! அகராதியைப் புரட்டமாட்டார். நேற்றுவரை கிடைத்த பட்டுநூல், விலை ஏறப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதும் மறைந்து போகிறதே, அதுதான் என்பார்.

புலி பதுங்குவது பாய்வதற்கு. பண்டத்தைப் பதுக்குவது விலை பாய்வதற்கு. தாய்மார்கள் புளியும் மிளகாயும் ஆண்டுக்கு எடுத்து வைத்தால் அது சேமிப்பு. சேலை விலைபோகாமல் கிடந்தால் அது தேக்கம். 1953-இல் கைத்தறித் துணி தேங்கி, நெசவாளர் வீட்டு அடுப்பு அணைந்தபோது, இதே காஞ்சியில் பிறந்த அண்ணா தோளில் துணி சுமந்து தெருவிலே விற்றாரே, அந்தத் துணியும் குவியல்தான். ஆனால் அதை வைத்திருந்தவன் பட்டினி கிடந்தான்! பதுக்கல்காரன் பட்டினி கிடந்த கதை உண்டா?

சட்டம் என்ன சொல்கிறது? 1955-இல் வந்த இன்றியமையாப் பண்டங்கள் சட்டத்தின் பட்டியலில், 2006 திருத்தத்துக்குப் பின், உணவுப்பொருள், மருந்து, உரம், பெட்ரோலியம், சணல், விதை இவற்றோடு பருத்திச் சிட்டா நூலும் இருக்கிறது. பட்டுநூல் இல்லை! ஆகவே பருத்தி நூலை இவ்வளவுக்குமேல் வைத்திருக்காதே என்று ஆணையிடலாம். கருநாடகத்திலிருந்து வரும் பட்டுநூலுக்கு அந்தச் சட்டத்தில் வழியில்லை. கிடங்கிலே பூட்டி வைத்தாலும் சட்டத்தின் கண்ணுக்கு அது 'இருப்பு'. தறிக்குழியில் கால் வைத்து, பாவுக்குக் காத்திருப்பவன் கண்ணுக்குத்தான் அது பதுக்கல்.

உணவுப்பொருளுக்கும் அந்தக் கதியை வரவழைக்கப் பார்த்தார்கள். 2020 திருத்தத்தின்படி, தானியம், பருப்பு விலை 50 சதவீதம், வெங்காயம் போன்றவற்றின் விலை 100 சதவீதம் ஏறினால்தான் இருப்புக்கு வரம்பு கட்டலாம்! பாதி வீடு எரியட்டும், பிறகு வாளியைத் தேடலாம் என்ற ஏற்பாடு. உழவர் ஓராண்டு டில்லி எல்லையில் வெயிலிலும் குளிரிலும் உட்கார்ந்தார்கள். 2021-இல் அதுவும் உடன்பிறந்த இரண்டு சட்டங்களும் ரத்தாயின.

பட்டியலை மாற்ற முடியாதா? முடியும். 2020 மார்ச்சில் முகக்கவசத்தை ஓர் அறிவிப்பாலேயே சேர்த்தார்கள், சூன் இறுதிவரை. பட்டு ஆடம்பரப் பண்டமாயிற்றே என்று சிலர் இழுப்பார்கள். உடுத்துகிறவர்களுக்கு ஆடம்பரம், நெய்கிறவனுக்கு அது சோறு, ஐயா! பட்டுநூலுக்கும் ஓர் அறிவிப்பு வேண்டுமென நாம் கேட்கிறோம். நெசவாளர் சங்கக் கூட்டங்களில் தோழர்கள் இதைத் தீர்மானமாக்கி மத்திய அரசுக்கு அனுப்பட்டும்.