‘என்று’ இருக்கக் காற்புள்ளி எதற்கு?

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் இளங்கலை மாணவர்க்குத் தமிழ் பயிற்றி வரும் நாம் விடைத்தாள்களில் ஆண்டுதோறும் காணும் தொடர் இது: “நான் நாளை வருகிறேன்,” என்றான் கண்ணன்.

ஆங்கிலத்தில் இதுவே முறை. அங்கே நேர்கூற்றையும் கூறியவனையும் பிணைக்கத் தனிச்சொல் இல்லை. ஆகவே பேச்சின் இறுதியில் முற்றுப்புள்ளியை நீக்கிக் காற்புள்ளி இடுகின்றனர். தமிழிலோ அப்பணியை ‘என்று’ செய்துவிடுகிறது. தொல்காப்பியர் இடையியலில் ‘என’ என்பதற்குத் தனி நூற்பா வகுத்து, ‘என்று’ என்பதும் அவ்வழியதே என்கிறார். கட்டிய கயிற்றின்மேல் இன்னொரு முடிச்சு எதற்கு? “வருகிறேன்.” என்று முற்றுப்புள்ளி இடுவது இன்னும் மோசம், வாக்கியம் நடுவழியில் செத்துவிடுகிறது.

அப்படியானால் மேற்கோள்குறியே வேண்டா என்பார் சிலர். ஓலைச்சுவடியில் அது இருந்ததா என்று வினவுவர். இல்லைதான். அகப்பாட்டில் பேசுவது தலைவியா தோழியா என்பதைப் பாட்டோடு சேர்ந்த கூற்றுக் குறிப்பே சொல்லிற்று. ஆனால் சுவடியிலேயே நின்றுவிட்டோமா என்ன? 2007இல் பெரம்பலூரிலிருந்து பிரிந்த அரியலூர் மாவட்டத்தில் ஏலாக்குறிச்சி இருக்கிறது. அங்கே வாழ்ந்த வீரமாமுனிவர் (1680–1747), எகரமும் ஏகாரமும் ஒருவடிவாய் நின்று படிப்போரை மயக்கியது கண்டு எழுத்தையே திருத்தினார். குருவும் சீடரும் பேசிக்கொண்டே இருக்கும் அவருடைய பரமார்த்த குருவின் கதை 1822இல் இலண்டனில் அச்சேறியது. அவ்வாண்டே நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர், பின்னாளில் உரைநடையில் நிறுத்தக்குறிகளை முறையாக ஆண்டு காட்டினார். மயக்கம் எழும் இடத்தில் குறி வேண்டும் என்பதே இவர்களிடம் நாம் கற்பது.

மயக்கம் எழவே செய்கிறது. சில ஆண்டுகளுக்குமுன் ஒரு கல்லூரி விடுதியில் மாணவர் ஒருவர் புகார் எழுதித் தந்தார். ‘மூத்த மாணவர் என்னை அடிக்கப் போகிறார் என்று நண்பன் சொன்னான்’ என்பது அதன் முதல் வரி. எழுதியவருக்கே ஆபத்து என்று கொண்டு, குழுவில் இருந்த நாம் அவரை வேறு அறைக்கு மாற்றினோம். அடிபட்டவன் நண்பன். கையில் கட்டுடன் ஊருக்குப் போனவன் தேர்வுக்குத்தான் திரும்பினான். ‘என்னை’ என்றது அவன் வாய்ச்சொல்.

‘என்று’ பேச்சு முடியும் இடத்தைக் காட்டும்; தொடங்கும் இடத்தைக் காட்டாது. தொடக்க மேற்கோளை நாம் வற்புறுத்துவது அதனால்தான். வினாக்குறி, உணர்ச்சிக்குறி இரண்டும் பேச்சின் குரலைச் சேர்ந்தவை. ‘என்று’ வந்தாலும் உள்ளே நிற்கலாம். “கண்ணன் சொன்னான்” என முன்னே வந்து பேச்சோடு வாக்கியம் முடிந்தால் முற்றுப்புள்ளியும் உள்ளேயே இருக்கட்டும்.

மாணவர்கள் இதை ஒரு வகுப்பிலேயே ஏற்றுக்கொள்கின்றனர். நம் கட்டுரைகளை அச்சிடும் இதழ்கள்தாம், நீக்கிய காற்புள்ளியை மறவாமல் திரும்பச் செருகிவிடுகின்றன.