வாங்கியது விளையாட்டையா, ஆளையா?

எனக்கு வீடியோ கேம் ஆடத் தெரியாது. விடுமுறைக்கு வரும் பேரன் ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதோடு சரி. போன தடவை, அவன் காத்திருந்த ஏதோ ஒரு கேம் தள்ளிப்போய்விட்டதாம். அதைச் செய்தவர்களை வாய்க்கு வந்தபடி திட்டினான். "ஏண்டா, அவங்க உன்கிட்ட கடன் வாங்கியிருக்காங்களா?" என்றேன். "உங்களுக்குப் புரியாது தாத்தா" என்றான். சரி, புரிந்துகொள்வோம் என்று தேடிப் படித்தேன். படித்தபின் கோபம் எனக்கு வந்தது.

இங்கிலாந்தில் கில்ட்ஃபோர்டு என்ற ஊரில் ஹலோ கேம்ஸ் என்று ஒரு சின்ன நிறுவனம். தலைவர் ஷான் மர்ரி. 2013 டிசம்பரில் 'நோ மேன்ஸ் ஸ்கை' என்ற விளையாட்டை அறிவித்தார்கள். கணக்குச் சூத்திரத்தாலேயே கோள்களை உண்டாக்கும் விளையாட்டு. 1.84 லட்சம் கோடி கோடி கோள்கள்! அதே மாதம் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் அலுவலகத்தில் வெள்ளம் புகுந்தது. கணினிகள் நாசம். ஆனாலும் அவர்கள் விடவில்லை.

2016 ஜூனில் வரவேண்டியது ஆகஸ்டுக்குத் தள்ளிப்போனது. வெறும் ஏழு வாரம். அதற்கு மர்ரிக்குக் கொலை மிரட்டல்! தாமதச் செய்தியை முதலில் எழுதிய பத்திரிகையாளரையும் விடவில்லை.

கேம் வந்தது. மர்ரி பேட்டிகளில் சொன்ன பல விஷயங்கள் அதில் இல்லை. இரண்டு பேர் ஒரே இடத்தில் நின்றாலும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியவில்லை. அது அவர் தப்புதான், மறுக்கவில்லை. 60 டாலர் கொடுத்தவன் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். மட்டமான சரக்கு என்று ஊருக்கே சொல்லலாம். விளம்பரத்தில் ஏமாற்றினார்கள் என்று அங்குள்ள விளம்பரக் கண்காணிப்பு அமைப்புக்குப் புகாரும் போனது. விசாரித்துத் தள்ளுபடி செய்தார்கள். புகார் கொடுப்பது முறை. கொல்வேன் என்பது எந்த ஊர் முறை?

"அப்படித் திட்டியதால்தானே சரிசெய்தார்கள்?" என்று சிலர் கேட்கலாம். வாயை மூடிக்கொண்டு வேலை பார்த்தார்கள். 2018 ஜூலையில் பலர் சேர்ந்து ஆடும் வசதி முழுமையாக வந்தது. அதற்குப் பிறகும் ஆண்டுதோறும் புதுப்புது வசதிகள், எல்லாம் இலவசம். வாஸ்தவம். ஆனால் குறையை எடுத்துச் சொன்னவன் சொல்லில் விஷயம் இருந்தது. மிரட்டியவன் கடிதத்தில் என்ன இருந்தது? அதைப் படித்தா நிரல் எழுத முடியும்?

மிரட்டல் கற்றுக்கொடுப்பது ஒன்றுதான்: பேசாதே. சரி, பேசாமல் இருந்தால் விடுகிறார்களா? ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் டீம் செர்ரி என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில பேர். 2019-இல் 'சில்க்சாங்' என்ற கேமை அறிவித்து, பெரும்பாலும் மௌனமாக உழைத்து, 2025 செப்டம்பரில்தான் வெளியிட்டார்கள். இடையில், ஏன் வாயே திறப்பதில்லை என்று அவர்கள் மேலும் கோபம். பேசினாலும் குற்றம், பேசாவிட்டாலும் குற்றம் என்றால் மனுஷன் என்னதான் செய்வான்?

ரசிகன் என்ற பெயருக்கு ரசிக்கிறவன் என்றுதான் அர்த்தம். எஜமான் என்று எந்த அகராதியிலும் இல்லை. நாம் காசு கொடுத்து வாங்குவது விளையாட்டை. அதைச் செய்தவனின் தூக்கத்தை அல்ல.

இதைப் பேரனிடம் சொன்னேன். பதில் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நான் மிரட்டவெல்லாம் இல்லை தாத்தா" என்றான். அதுவரை சந்தோஷம். உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடமும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.